மரக்குழையின் தரமும் நிலத்தின் உயரமும்

கந்தளாய்ப் பகுதிக் கமக்காரர்களுக்குரிய குறிப்புகள்



சிறுபோக அரிவு வெட்டு முடிந்து, சூடடித்து, நெல்லை வீடு சேர்த்தபின் கந்தளாய் வயல்வெளியில் எஞ்சி நிற்பது வைக்கோலேயாகும். அந்நாட்களில் மேய்ச்சற்றரைகள் கருகிக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும். வைக்கோற் போரின் அருகிலேயே மாடு கட்டப்பட்டிருக்கும். அது வேண்டியமட்டும் தின்னும். ஆயினும் அதன் விலா எலும்புகள் நாளுக்கு நாள் வெளித்தெரியும், பால் வற்றும், கன்று தளரும், அடுத்த சினை தள்ளிப்போகும். வயிறு நிறைந்தும் மாடு மெலிவதேன் என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1. வைக்கோலிற் குறைவது யாது?

மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரைச் சிதைத்து மாட்டுக்கு உணவாக்கிக் கொடுப்பவை அவையே. அவை பெருகுவதற்குப் புரதம் தேவை. மாடு உண்ணும் உணவின் உலர்பொருளில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்காயினும் புரதம் இருத்தல் வேண்டும். நெல் வைக்கோலில் உள்ளதோ நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு மாத்திரமே. ஆகவே நுண்ணுயிர்கள் சோர்வடைகின்றன. வைக்கோல் வயிற்றில் நெடுநேரம் தங்குகின்றது. மாடு மேலும் தின்ன இயலாது மெலிகின்றது.

இக்குறையைப் பிண்ணாக்கினாலும் கடையில் விற்கும் கலப்புத் தீனியினாலும் நீக்கலாம். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். உங்கள் மேட்டுக்காணியின் வேலியில் நிற்கும் மரங்களின் குழையினாலும் அதே குறையைப் பெரும்பாலும் நீக்கலாம். சீமைக்கிளுவை இலையின் உலர்பொருளில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை புரதம் உண்டு. இப்பில் இப்பில், அகத்தி ஆகியவற்றின் இலைகளும் இவ்வாறே புரதம் மிகுந்தவை.

20 என்பதற்கும் 30 என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. ஒரே மரத்தின் இலை ஓரிடத்தில் சிறந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் இருப்பதேன்? இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று நிலத்தின் உயரம். “மலைநாட்டுக் குழையே நல்ல குழை, அங்கிருந்து கன்று கொணர்ந்து நடுவோம்” என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய்வோம்.

2. கந்தளாயிலிருந்து நுவரெலியா வரை

கந்தளாயிற் புறப்பட்டு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியாவுக்குச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய் கடல் மட்டத்திலிருந்து 100 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,800 மீற்றருக்கும், அதாவது 6,000 அடிக்கும், மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இலங்கையில் 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைத் தாழ்நாடு என்றும், 300 முதல் 900 மீற்றர் வரையுள்ளதை இடைநாடு என்றும், அதற்கு மேற்பட்டதை மலைநாடு என்றும் வகுத்துள்ளனர்.

ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. திருகோணமலைக் கரையோரத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை. இக்கணக்கின்படி கண்டியில் அது 25 பாகையளவும், நுவரெலியாவில் 16 பாகையளவும் ஆகும். வெப்பம் மாத்திரமன்றி மண்ணும் மாறுகின்றது. கந்தளாயின் செங்கபில மண் பெரும்பாலும் நடுநிலையை அண்டியது. தேயிலை வளரும் மலைநாட்டு மண்ணோ மழையினாற் கழுவப்பட்டுப் புளிப்புத்தன்மை மிகுந்தது. மழையும் அவ்வாறே. நமக்கு ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள மாதங்களே பெருமழைக் காலம். மலைநாட்டின் மேற்குச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். “உயரம்” என்பது தனியொரு பொருளன்று. வெப்பம், மழை, மண், முகில் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து மாறுவதையே நாம் உயரம் என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம்.

3. உயரம் முதலில் மரத்தையே மாற்றுகின்றது

பயணத்தின்போது வேலிகளைக் கவனித்தால் இது தெளிவாகும். நமது பகுதியிற் செழித்து நிற்கும் சீமைக்கிளுவை, மாத்தளை, கண்டிப் பகுதிகளில் மிளகுக்கொடி படரும் மரமாகவும் நிற்கின்றது. 1,200 மீற்றருக்கு மேல் அது நன்றாக வளர்வதில்லை. இப்பில் இப்பில் வெம்மையை விரும்பும் மரம். குளிரில் அதன் வளர்ச்சி தடைப்படும். புளிப்பு மண்ணை அது தாங்காது. அதனால் மலைநாட்டில் முள்முருக்கும் கலியாந்திராவும் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன.

கலியாந்திரா இலையிற் புரதம் மிகுதியே. ஆனால் துவர்ப்புப்பொருளாகிய தனினும் அதில் மிகுதி. பாக்கை மெல்லும்போது நாவை இறுக்கும் துவர்ப்பை நீங்கள் அறிவீர்கள். அப்பொருளே இலையிற் கூடியிருக்குமாயின் புரதத்தைப் பற்றிப்பிடித்துச் செமிக்கவிடாது தடுக்கும். கலியாந்திராக் குழையை வெட்டிய சில மணி நேரத்துக்குள் பச்சையாகவே ஊட்டவேண்டும். வாடியபின் அது மேலும் செமியாததாகும்.

மரக்குழையை நம்பியே மாடு வளர்க்கும் நாடாகிய நேபாளத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அந்நாட்டின் நடுமலைச் சரிவுகளில் மழையற்ற மாதங்களில் மாட்டுக்கு வேண்டிய பச்சைத் தீனியின் பெரும்பங்கு மரங்களிலிருந்தே கிடைக்கின்றது. அங்கே பலாவின் இனமாகிய படகர், மந்தாரை இனமாகிய கொய்ராலோ முதலிய மரங்களை வயலின் படிக்கட்டு வரம்புகளில் வளர்க்கின்றனர். இன்னும் மேலே ஏறினால் இம்மரங்கள் மறைந்து, தடித்த தோல்போன்ற இலையுடைய ஓக்கு மரங்கள் தோன்றும். அவ்விலை குளிர்காலத்தில் மாட்டின் உயிரைக் காக்கும். ஆயினும் அதிற் புரதம் குறைவு, துவர்ப்பு மிகுதி. ஆகவே மேலே செல்லச் செல்ல இலை சிறக்கும் என்பது பொதுவிதி ஆகாது.

அந்நாட்டுக் கமக்காரர் இலைகளை அனுபவத்தினால் இருவகையாக மதிப்பிடுவர். பாலையும் உடலையும் பெருக்குவதை “போசிலோ” என்பர். பசியைத் தணித்து, சாணத்தை இறுகச் செய்வதை “ஓபானோ” என்பர். 1990 ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் இம்மதிப்பீட்டை ஆய்வுகூட அளவுகளோடு ஒப்பிட்டபோது, போசிலோ எனப்பட்ட இலைகள் மாட்டுக்குக் கூடிய புரதம் அளிப்பனவாகவே காணப்பட்டன. மாட்டின் பாலையும் சாணத்தையும் நாள்தோறும் கவனிக்கும் கமக்காரரின் கண்ணும் ஒரு நல்ல அளவுகோலே.

4. ஒரே மரத்தின் இலையில் உயரம் செய்யும் மாற்றங்கள்

ஒரே இன மரம் தாழ்நாட்டிலும் இடைநாட்டிலும் நிற்குமாயின், அதன் இலையில் நான்கு வகை மாற்றங்கள் ஏற்படலாம்.

முதலாவது, நார். வெப்பம் மிகுந்த இடத்தில் இலையும் காம்பும் விரைவாக முற்றி, மரத்தன்மையுள்ள இலிக்னின் விரைவாகச் சேர்கின்றது. இலிக்னின் கூடக்கூடச் செமிபாடு குறையும். குளிர்ந்த இடத்தில் இலை மெதுவாக முற்றுவதால் நெடுநாள் மென்மையாக இருக்கும்.

இரண்டாவது, நைதரசன். ஆய்வுகூடத்தில் இலையின் நைதரசனை அளந்து, அதனை 6.25 ஆற் பெருக்கியே புரதத்தைக் கணக்கிடுகின்றனர். உலகின் பல மலைகளிலிருந்து திரட்டிய இலைகளை ஒப்பிட்ட தாவரவியலார் கிறித்தியன் கேர்ணர், உயர்ந்த இடத்து இலைகளில் நைதரசன் கூடியிருக்கும் போக்கை 1989 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அத்தகைய இலைகள் பெரும்பாலும் சிறியனவாகவும் தடித்தனவாகவும் இருக்கும்.

மூன்றாவது, துவர்ப்பு. வளம் குறைந்த மண்ணும், நீர்ப்பற்றாக்குறையும், கடுங்குளிரும் துவர்ப்புப்பொருளைக் கூட்டக்கூடியவை. இதனால் மேட்டிலும் அது கூடலாம்; தாழ்விலும் கூடலாம். நைதரசன் மிகுந்த இலையும் துவர்ப்பு மிகுந்திருப்பின் மாட்டுக்குப் பயன் குறையும்.

நான்காவது, இலையின் வயது. உயரம் கூடிய இடத்தில் தளிர் பிந்தித் தோன்றும். ஆகவே ஒரே நாளில் கீழும் மேலும் இலை பறித்து ஒப்பிட்டால், மேலுள்ளது இளையதாகவும் கீழுள்ளது முதிர்ந்ததாகவும் இருத்தல் கூடும். இளைய இலையிற் புரதம் கூடியிருப்பது எங்கும் பொதுவானதே. அவ்வேறுபாட்டை உயரத்தின் சிறப்பென்று கொள்வது தவறாகும்.

இந்நான்கையும் சேர்த்து நோக்கினால், தாழ்நாட்டுக் கமக்காரருக்குப் பயன்படும் முடிபு இதுவே: கந்தளாயின் உயரத்தை நாம் மாற்ற இயலாது, வெயிலையும் மாற்ற இயலாது. ஆனால் இலையின் வயது நம் கத்தியின் கட்டுப்பாட்டில் உள்ளது. வெம்மையினால் இங்கே குழை விரைவில் முற்றுகின்றது. ஆகையால் இங்கே வெட்டும் காலத்தைத் தவறவிடுவோர் மலைநாட்டாரைவிடக் கூடுதலாக இழப்பர். காலமறிந்து வெட்டுவோர் மலைநாட்டுக் குழைக்குத் தாழாத தீனியைப் பெறுவர்.

5. கந்தளாய்க்கு ஏற்ற மரங்கள்

சீமைக்கிளுவை: இதனைச் சிங்களத்தில் வெட்டமாற என்பர். வேலிக்கு முதன்மையாகக் கொள்ளத்தக்கது. முற்றிய தடியை வெட்டி, மாரிமழை தொடங்கியதும் நடுக. மழையற்ற காலத்தில் நட்ட தடி பெரும்பாலும் பட்டுப்போகும்.

இப்பில் இப்பில்: நமது மண்ணுக்கு ஏற்றது. இதன் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளமையால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. மிகையாக உண்ட விலங்கின் மயிர் உதிரும். காய் முற்றுமுன் வெட்டாவிடின் விதை சிதறி வயலோரமெங்கும் முளைத்துத் தொல்லை தரும்.

அகத்தி: மிக விரைவாக வளரும். ஆனால் அடியோடு மீண்டும் மீண்டும் வெட்டினால் பட்டுவிடும். பக்கக் கிளைகளை மாத்திரம் ஒடித்தல் வேண்டும்.

பலா, வாகை, பூவரசு, முருங்கை: வீட்டுக் காணியில் நிற்பவற்றிலிருந்து ஆட்டுக்கும் கன்றுக்கும் இடையிடையே குழை கொடுக்கலாம்.

கலியாந்திராக் கன்றை விலைகொடுத்து வாங்கி இங்கே நடவேண்டா. நமது நீண்ட வறட்சிக்கு அது ஏற்றதன்று.

6. குழை வெட்டும் முறை

தடி நட்ட முதலாண்டில் வெட்டாது வேரூன்ற விடுக. பின்னர் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் தலையை வெட்டி, அவ்வுயரத்திலேயே தொடர்ந்து வெட்டிவருக.

மழைக்காலத்தில் வெட்டி 8 வாரமானதும் குழை மாட்டுக்கு ஏற்ற பதத்தில் இருக்கும். வறட்சியில் வளர்ச்சி குன்றுவதால் 12 வாரம் வரை செல்லும். பதத்தைக் கையினாலும் அறியலாம். இலைக்காம்பை வளைத்தால் முறியவேண்டும். நார் இழுபடுமாயின் முற்றிவிட்டது. கிளையின் தோல் பச்சையாக இருக்கும் பகுதி தீனிக்குரியது. கபில நிறமான பகுதி தீனிக்கு உதவாது.

ஒரு கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் பச்சையிலை வேண்டுமெனின், ஒரு வாரத்துக்கு 35 கிலோகிராம் ஆகும். ஒரு மரம் ஒரு தடவைக்கு ஒரு கிலோகிராம் இலை தருவதாகக் கொண்டால், வாரத்துக்கு 35 மரம். வேலியை 12 பங்காகப் பிரித்தால் 420 மரம். அரை மீற்றருக்கு ஒன்றாக நட்டால் 210 மீற்றர் நீளமுள்ள வேலி இதற்குப் போதும். உங்கள் மரம் தரும் அளவு வேறுபடலாம். ஆகவே முதல் வெட்டின்போது பத்து மரத்தின் இலையைத் தராசில் நிறுத்து, அதற்கேற்பக் கணக்கிடுக. ஒவ்வொரு பங்கிலும் ஒரு மரத்தில் துணி கட்டி, வெட்டிய நாளை நாட்குறிப்பில் எழுதிவைத்தல் நன்று.

இங்கு முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வெட்டாது விடப்பட்ட சீமைக்கிளுவை, மாரிமழை ஓய்ந்தபின் இலையை உதிர்த்துப் பூக்கும். தீனி மிகத் தேவைப்படும் வேளையில் மரம் வெறுங்கிளையாய் நிற்கும். மழை முடியும் தறுவாயில், சனவரி மாதத்தில், வெட்டிய மரமோ புதுத் தளிர்விட்டு வறட்சியிலும் இலையைத் தாங்கி நிற்கும். அவ்வாறே சித்திரை மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போது ஒரு வெட்டு வெட்டினால், கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் கைக்குக் குழை கிடைக்கும். அவ்வேலி அக்காற்றை மறித்து மரக்கறித் தோட்டத்தையும் காக்கும்.

7. ஊட்டும் முறை

பசு ஒன்று நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வைக்கோல் தின்பதாகக் கொள்வோம். அதில் உலர்பொருள் 4.5 கிலோகிராம், புரதம் நூற்றுக்கு 4 எனின் 180 கிராம். அதனோடு 5 கிலோகிராம் பச்சைச் சீமைக்கிளுவை இலை கொடுத்தால், உலர்பொருள் 1.25 கிலோகிராம், புரதம் நூற்றுக்கு 22 எனின் 275 கிராம். இரண்டும் சேர்ந்து 5.75 கிலோகிராம் உலர்பொருளில் 455 கிராம் புரதம்; அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு. வைக்கோலிற் குறைந்தது நிறைந்துவிட்டது.

அதே இலை முற்றிப் புரதம் நூற்றுக்கு 15 ஆகக் குறைந்திருப்பின், கிடைப்பது 6.4 பங்கு மாத்திரமே. வேண்டிய 7 பங்குக்கு அது எட்டாது. வெட்டும் பருவத்தைக் கடத்துவதால் வரும் நட்டம் இக்கணக்கிற் புலப்படும்.

சீமைக்கிளுவையின் மணத்தை மாடு முதலில் வெறுக்கலாம். வெட்டிய குழையை ஓரிரவு நிழலில் வாடவிட்டு, சிறிதளவு வைக்கோலோடு கலந்து கொடுத்து, இரு வாரத்திற் படிப்படியாகக் கூட்டுக. மொத்த உலர்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது நிறுத்துக. குதிரைக்கும் கோழிக்கும் முயலுக்கும் இவ்விலை ஏற்றதன்று.

மரக்குழையிற் கல்சியம் மிகுதி, பொசுபரசு குறைவு. நெல் ஆலையிற் கிடைக்கும் தவிட்டில் பொசுபரசு மிகுதி. ஆகவே குழையோடு தவிடும் சிறிது உப்பும் சேர்ப்பது சாலச் சிறந்தது. மரக்கறிச் செய்கைக்குக் கிருமிநாசினி தெளித்தால், காற்றில் அது படிந்த வேலிக்குழையை வெட்டி ஊட்டுதல் கூடாது.

8. தளிர் பசுவுக்கு, முற்றல் வயலுக்கு

வேலிக்குழையைப் பசுந்தாட் பசளையாக வயலுக்கு இடுவதா, மாட்டுக்கு ஊட்டுவதா என்று சிலர் ஐயுறுவர். இரண்டும் செய்யலாம். மழைக்காலத்தில் மரங்கள் விரைவாகத் தளிர்ப்பதால் 12 பங்கில் 8 பங்கே மாட்டுக்குப் போதும். எஞ்சிய 4 பங்கையும், முற்றிப்போன கிளைகளின் இலையையும், மாடு கழித்துவிட்டவற்றையும் வயலுக்கோ கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கோ இடுக. 100 கிலோகிராம் பச்சைச் சீமைக்கிளுவை இலையில் உள்ள நைதரசன், ஏறக்குறைய 2 கிலோகிராம் யூரியாவில் உள்ள அளவினதாகும். மாடு உண்ட குழையும் எருவாக மீண்டும் நிலத்தையே சேர்கின்றது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

உயரம் தன்னளவில் இலையைச் சிறப்பிப்பதில்லை; வெப்பம், மண், மழை ஆகியவற்றின் வழியாகவே அது செயற்படுகின்றது.

மலைநாட்டு மரம் மலைநாட்டுக்கு உரியது. கந்தளாய்க்குச் சீமைக்கிளுவையும் இப்பில் இப்பிலும் அகத்தியும் போதும்.

வெம்மையான இடத்திற் குழை விரைவில் முற்றும். மழைக்காலத்தில் 8 வாரத்திலும், வறட்சியில் 12 வாரத்துக்குள்ளும் வெட்டுக.

சனவரியில் ஒரு வெட்டும் சித்திரை மழையின் ஈரத்தில் ஒரு வெட்டும் தவறாது செய்க.

தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரக்குழை வேண்டா.

உங்கள் மாடு நோயுற்றாலோ, குழை தின்றபின் சோர்வுற்றாலோ, கால்நடை வைத்திய அதிகாரியை உடனே நாடுக. மரம் நடுதல், பசளையிடல் பற்றி அறியவேண்டியவற்றை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. வரும் மாரிமழையின் முதல் ஈரத்தில் வேலியின் ஒரு பக்கத்திலாயினும் தடி நடுக. அடுத்த மாரியின் முடிவில் முதல் வெட்டுக்கு அவை தயாராகும். அதற்குப்பின் வரும் வறட்சியில் வைக்கோலை மாத்திரம் உங்கள் பசு நம்பியிருக்க வேண்டியதில்லை.